மதிலுக்குப் பின்னால் மணிலா: பிலிப்பைன்ஸ் சினிமாவின் அரை நூற்றாண்டுச் சாட்சியம்

பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதி ரொட்ரிகோ டுட்டெர்டே 2025 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் திகதி மணிலா விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்யப்பட்டு, அன்றிரவே ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டார். 'போதைப்பொருளுக்கு எதிரான போர்' என்ற பெயரில் நிகழ்ந்த கொலைகளே அவர் மீதான குற்றச்சாட்டின் அடிப்படையாகும். அந்நாட்டுப் பொலிஸாரின் சொந்தக் கணக்கின்படியே 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நடவடிக்கைகளில் உயிரிழந்துள்ளனர். மனித உரிமை அமைப்புகளின் மதிப்பீடுகளோ இத்தொகையைப் பன்மடங்காகக் காட்டுகின்றன. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நகரத்துச் சேரிகளில் வாழ்ந்த ஏழைகளாவர்.

இங்கு எம்மைச் சிந்திக்க வைக்கும் விடயம் ஒன்றுண்டு. இக்கொலைகள் இரகசியமாக நடைபெறவில்லை. டுட்டெர்டே அவற்றைத் தேர்தல் மேடைகளிலேயே வாக்குறுதியாக அளித்தார். மக்கள் வாக்களித்தனர். பதவியிலிருந்த காலம் முழுவதும் அவருக்குப் பரந்த ஆதரவும் இருந்து வந்தது. அவ்வாறு ஆதரித்தவர்களில் கொல்லப்பட்டவர்களின் அயலவர்களான ஏழைகளும் அடங்குவர். ஏழைகள் கொல்லப்படுவதை ஏழைகளே ஏன் ஏற்றுக்கொண்டனர் என்ற வினாவுக்கு அரசியல் ஆய்வாளர்கள் பல விளக்கங்களை முன்வைக்கின்றனர். ஆனால், அவர்களுக்கு நாற்பது வருடங்களுக்கு முன்னரே அந்நாட்டின் சினிமா இவ்வினாவை எழுப்பிவிட்டது என்பதே எமது கருத்தாகும்.

எமது வாசகர்களில் பலருக்குப் பிலிப்பைன்ஸ் மக்கள் அந்நியர்களல்லர். மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் சென்று திரும்பியோர் அங்கு அவர்களுடன் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்கின்றனர். எனினும், அம்மக்களை அவ்வாறு கடல் கடக்கச் செய்த வறுமையையும் அவர்களது நாட்டின் அரசியல் வரலாற்றையும் பற்றி நாம் அறிந்திருப்பது சொற்பமே. அதனை அறிந்துகொள்வதற்குத் திரைப்படங்களை விடச் சிறந்த வாயில் வேறில்லை எனலாம்.

மறைக்கப்பட்ட சேரிகள்

பேர்டினண்ட் மார்க்கோஸ் 1965 இல் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். 1972 செப்டெம்பரில் அவர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அச்சட்டம் 1981 ஜனவரியில் சம்பிரதாயபூர்வமாக நீக்கப்பட்ட போதிலும், 1986 பெப்ரவரி மக்கள் எழுச்சி வரை அவரது ஆட்சி நீடித்தது. அக்காலப்பகுதியில் சுமார் 70 ஆயிரம் பேர் சிறையிலடைக்கப்பட்டதாகவும், 34 ஆயிரம் பேர் சித்திரவதைக்குள்ளானதாகவும், 3,240 பேர் கொல்லப்பட்டதாகவும் சர்வதேச மன்னிப்புச் சபையின் தரவுகளை ஆதாரமாகக் கொண்டு கூறப்படுகிறது.

மார்க்கோஸின் துணைவியார் இமெல்டா 1975 இல் மாநகர மணிலாவின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். 1976 ஒக்டோபரில் சர்வதேச நாணய நிதியம், உலக வங்கி ஆகியவற்றின் வருடாந்த மாநாடு மணிலாவில் நடைபெற்றது. அதனையொட்டிப் பெருந்தொகையான சேரிவாசிகள் அப்புறப்படுத்தப்பட்டனர். எஞ்சியிருந்த சேரிகள் வெளிநாட்டு விருந்தினரின் கண்களில் படாதவாறு வீதியோரங்களில் வெள்ளை பூசிய தடுப்புகள் எழுப்பப்பட்டன. வறுமையை ஒழிப்பதற்குப் பதிலாக அதனை மறைப்பது என்பது அன்று ஒரு நிர்வாகக் கொள்கையாகவே இருந்தது.

அதே ஆண்டு டிசெம்பரில், லினோ புரொக்கா இயக்கிய 'இன்சியாங்' திரைக்கு வந்தது. மணிலாவின் டொண்டோ சேரியில் வாழும் ஓர் இளம் பெண்ணின் கதை இது. தாயின் காதலன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். தாய் மகளை நம்ப மறுக்கிறாள். காதலித்தவன் கைவிடுகிறான். பின்னர் இன்சியாங் தன் தாயின் கையாலேயே அவனைக் கொலை செய்விக்கிறாள். இறைச்சிக்காகப் பன்றிகள் வெட்டப்படும் கொட்டிலில் ஆரம்பமாகும் இப்படம், ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்குமளவுக்கு நெருக்கமான குடிசைகளில் மனித உறவுகள் எவ்வாறு சிதைகின்றன என்பதைக் காட்டுகிறது. மார்க்கோஸின் பெயரோ இராணுவச் சட்டம் பற்றிய சொல்லோ படத்தில் இல்லை. ஆயினும், அரசு மறைக்க விரும்பிய இடத்தில் கெமராவை நிறுத்தியதே அரசியல் செயலாயிற்று. 1978 இல் கேன்ஸ் திரைப்பட விழாவில் காண்பிக்கப்பட்ட 'இன்சியாங்', அவ்விழாவுக்குச் சென்ற முதலாவது பிலிப்பைன்ஸ் படமாகும்.

இஷ்மேல் பேர்னலின் 'இரவில் மணிலா' (1980) என்ற படத்திற்கு நேர்ந்ததும் இத்தகையதே. நகரத்தின் இரவு வாழ்க்கையைச் சித்திரித்த அப்படத்தைத் தணிக்கையாளர் பல இடங்களில் வெட்டியதுடன், தலைப்பிலிருந்து மணிலா என்ற பெயரையே நீக்கச் செய்தனர். 'இருளுக்குப் பின் நகரம்' என்ற பொருள்படும் வேறு பெயரிலேயே படம் வெளியாயிற்று. ஒரு நகரத்தின் பெயரைச் சொல்வதே குற்றமாகிவிட்ட காலமது.

குற்றத்தின் கணக்கு

புரொக்காவின் தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுவது 1975 இல் வெளிவந்த 'மணிலா: வெளிச்சத்தின் நகங்களில்' என்ற படமாகும். எட்கார்டோ எம். ரெயெஸ் எழுதிய நாவலைத் தழுவிய இப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர், பின்னர் முக்கிய இயக்குநராக விளங்கிய மைக் டி லியோன். கிராமத்து மீனவ இளைஞனான ஹூலியோ, நகரத்தில் வேலை பெற்றுத் தருவதாகக் கூறி அழைத்துச் செல்லப்பட்ட தன் காதலி லிகாயாவைத் தேடி மணிலாவுக்கு வருகிறான். லிகாயா என்றால் மகிழ்ச்சி என்று பொருள். அவளது குடும்பப் பெயரான பராய்சோ என்பதன் பொருள் சொர்க்கம். நகரத்தில் தொலைந்து போனது எது என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது.

ஹூலியோ கட்டட வேலைத்தளமொன்றில் கூலியாகச் சேர்கிறான். சம்பளப் பட்டியலில் எழுதப்படும் தொகை ஒன்று, கையில் கிடைக்கும் தொகை இன்னொன்று. சம்பள நாளில் பணம் இன்னும் வந்து சேரவில்லை என்பார்கள். அவசரமெனில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பாடகனாக வரவேண்டுமென்று கனவு காணும் சக தொழிலாளி ஒருவன் உயரத்திலிருந்து விழுந்து இறக்கிறான். வேலை மீண்டும் தொடர்கிறது. இத்தகைய சிறு கழிவுகளும் சிறு அவமானங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தே ஹூலியோவின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கின்றன. லிகாயாவை அடைத்து வைத்திருந்த வர்த்தகனை அவன் கொல்கிறான்.

இப்படத்தில் குறையொன்று உண்டு என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். அவ்வர்த்தகன் ஒரு சீனன். நகரம் முழுவதும் விரிந்து கிடக்கும் சுரண்டலுக்கு இறுதியில் சிறுபான்மை இனத்தவன் ஒருவனின் முகம் கொடுக்கப்படுகிறது. இதனை விமர்சகர்கள் பலரும் சுட்டிக்காட்டியுள்ளனர். அநீதியை எதிர்க்கும் கலைஞனுக்கும் தன் சமூகத்தின் பொதுவான தப்பெண்ணங்களிலிருந்து விடுபடுவது இலகுவல்ல என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

எனினும், இப்படத்தின் இறுதிக் காட்சியே எமது ஆரம்ப வினாவுடன் நேரடியாகத் தொடர்புபட்டது. கொலை செய்துவிட்டு ஓடும் ஹூலியோவைத் துரத்துவது பொலிஸார் அல்லர். வீதியில் நிற்கும் சாதாரண மக்களே தடிகளுடன் அவனைத் துரத்தி, வெளியேற வழியற்ற ஒழுங்கையொன்றில் முடக்குகின்றனர். அவனைப் போன்றே கூலிக்கு வாழும் மனிதர்கள் அவர்கள். அவனுக்கு நேர்ந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் காண்பது ஒரு கொலைகாரனை மாத்திரமே. பார்வையாளர்களாகிய நாம் இரண்டு மணித்தியாலங்களாக அவனது கதையை அறிந்திருக்கிறோம். அக்கூட்டம் அறியவில்லை. 2016 இன் பின்னர் மணிலாவின் ஒழுங்கைகளில் சடலங்கள் விழுந்தபோது நிகழ்ந்ததும் இதுவே.

புரொக்காவின் பிற்காலப் படங்கள் இந்தக் கணக்கை மேலும் துல்லியமாக்கின. 'ஜாகுவார்' (1979) என்ற தலைப்பு, காவலாளியைக் குறிக்கும் சொல்லை முன்பின்னாக மாற்றி மணிலாவாசிகள் பேசும் கொச்சை வழக்காகும். முதலாளியின் நிழலில் உயர்ந்துவிடலாமென நம்பிய ஒரு காவலாளி, அம்முதலாளிக்காகவே கொலைகாரனாகிக் கைவிடப்படுவதை அது சித்திரித்தது. கேன்ஸ் விழாவின் பிரதான போட்டிப் பிரிவுக்குத் தெரிவான முதலாவது பிலிப்பைன்ஸ் படமும் இதுவே. 'என் நாடு' (1984) படத்தில் அச்சகத் தொழிலாளி ஒருவன், பிரசவத்திற்காக அனுமதிக்கப்பட்ட மனைவியையும் குழந்தையையும் கட்டணம் செலுத்தாமல் மருத்துவமனை விட மறுப்பதால் கொள்ளையில் இறங்குகிறான். குற்றம் என்பது கெட்ட மனிதர்களின் இயல்பு என்று இப்படங்கள் கூறவில்லை. நேர்மையாகச் செலுத்த முடியாத ஒரு விலைப்பட்டியலின் கடைசி வரியே குற்றம் என்று அவை காட்டின.

இக்கலைஞர் படத்துடன் நின்றுவிடவில்லை. 1985 ஜனவரியில் ஜீப்னி வாகனச் சாரதிகளின் பணிப்பகிஷ்கரிப்பில் பங்கேற்றமைக்காக அவர் கைது செய்யப்பட்டார். மார்க்கோஸ் வீழ்ந்த பின்னர் புதிய அரசியலமைப்பை வரைந்த ஆணைக்குழுவில் உறுப்பினராக இடம்பெற்ற அவர், பேச்சுச் சுதந்திரம் பற்றிய உறுப்புரையில் 'வெளிப்பாட்டுச் சுதந்திரம்' என்பதையும் சேர்க்கச் செய்தார். பின்னர் அவ்வாணைக்குழுவிலிருந்து விலகினார். கொரசோன் அக்கினோவின் ஜனநாயக ஆட்சியிலும் கிராமங்களில் ஆயுதக் குழுக்கள் நிகழ்த்திய படுகொலைகளை அவரது 'ஒராபுரொநோபிஸ்' (1989) அம்பலப்படுத்தியது. ஆட்சி மாறியதும் மௌனமாகிவிடாத கலைஞர் என்ற பெருமை அவருக்குரியது. 1991 இல் வீதி விபத்தொன்றில் அவர் காலமானார்.

விருதுகளும் விமர்சனங்களும்

2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் டிஜிட்டல் கெமராக்களின் வருகையும் 2005 இல் ஆரம்பமான சினிமலாயா திரைப்பட விழாவும் புதிய தலைமுறையொன்றை உருவாக்கின. அவர்களுள் உலக கவனத்தைப் பெற்றவர் பிரிலாண்டே மெண்டோசா. 2009 இல் 'கினதாய்' படத்திற்காகக் கேன்ஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதை அவர் பெற்றார். காலையில் திருமணம் செய்துகொள்ளும் பொலிஸ் பயிற்சி மாணவன் ஒருவன், இரவில் ஊழல் பொலிஸாருடன் சேர்ந்து ஒரு பெண்ணின் கொலைக்கு உடந்தையாவதே அதன் கதை.

அவரது 'மா ரோசா' (2016) எமது வாசகர்களுக்கு நன்கு விளங்கக்கூடிய உலகத்தைச் சேர்ந்தது. சேரியொன்றில் சிறு சில்லறைக் கடை நடத்தும் ரோசாவும் கணவரும் சீனி, நூடில்ஸ் ஆகியவற்றுடன் எமது நாட்டில் 'ஐஸ்' என அறியப்படும் போதைப்பொருளையும் சிறு பொதிகளாக விற்கின்றனர். பொலிஸார் அவர்களைப் பிடித்துச் சென்று விடுதலைக்கு விலை பேசுகின்றனர். பிள்ளைகள் இரவு முழுவதும் அலைந்து பணம் சேர்க்கின்றனர். ஒருவன் வீட்டுத் தொலைக்காட்சியை விற்கிறான், மற்றவன் உடலை விற்கிறான், மகள் உறவினரிடம் கையேந்துகிறாள். இப்படத்தில் ரோசாவாக நடித்த காலஞ்சென்ற ஜக்லின் ஹோசே, 2016 மே மாதம் கேன்ஸ் விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார்.

அதே மே மாதத்தில்தான் டுட்டெர்டே தேர்தலில் வெற்றியீட்டினார். ரோசாவைப் போன்ற சிறு விற்பனையாளர்களே அடுத்து வந்த மாதங்களில் முதலில் சுடப்பட்டவர்கள். ஆனால், ஜூலை மாதம் டுட்டெர்டே காங்கிரஸில் ஆற்றிய முதலாவது வருடாந்த உரையின் தொலைக்காட்சி ஒளிபரப்பை இயக்கியவர் மெண்டோசா. மறுவருட உரையையும் அவரே இயக்கினார். சேரியை அத்தனை நெருக்கமாகப் படம் பிடித்த ஒருவரால் இது எவ்வாறு முடிந்தது என்று பலர் வியந்தனர். அழுக்கையும் நெரிசலையும் உள்ளவாறே காட்டுவதால் மட்டும் ஒரு படம் ஏழைகளின் பக்கம் நின்றுவிடுவதில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இந்த ஐயத்தை பிலிப்பைன்ஸ் கலைஞர்களே முன்கூட்டி எழுப்பினர். 2011 இல் மார்லன் ரிவேரா இயக்கிய 'மலக்குழியில் ஒரு பெண்' என்ற நையாண்டிப் படம், வெளிநாட்டு விருதை இலக்காக வைத்துச் சேரியைப் பற்றிப் படமெடுக்கப் புறப்படும் மூன்று வசதி படைத்த இளைஞர்களைக் கேலி செய்கிறது. சொகுசுக் காரில் இருந்தவாறே, வறுமையால் பிள்ளையை விற்கும் ஒரு தாயின் கதையை எந்தப் பாணியில் எடுத்தால் பரிசு கிடைக்கும் என்று அவர்கள் திட்டமிடுகின்றனர். சினிமலாயா விழாவில் அவ்வருடம் சிறந்த படமாகத் தெரிவானது இதுவே.

வணிக சினிமாவும் இவ்விடயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. எரிக் மட்டியின் 'ஒன் த ஜொப்' (2013), சிறைக்கைதிகளைத் தற்காலிகமாக வெளியே விட்டுக் கூலிக் கொலைகளுக்குப் பயன்படுத்தும் அரசியல்வாதிகளைச் சித்திரித்தது. சேரியொன்றில் நடைபெறும் போதைப்பொருள் வேட்டையைக் கருவாகக் கொண்ட அவரது 'பைபஸ்ட்' (2018), உத்தியோகபூர்வ மரணக் கணக்குக்கும் தரையில் கிடக்கும் சடலங்களுக்கும் இடையிலான தூரத்தைக் காட்டி முடிவடைகிறது.

நினைவுக்கான போர்

வறுமையைப் போலவே வரலாற்றையும் மறைக்க முடியும். மார்க்கோஸ் ஆட்சியின் கொடுமைகளை நினைவில் இருத்தும் பணியைச் சில இயக்குநர்கள் தமது வாழ்நாள் கடமையாகவே ஏற்றனர். அவர்களுள் முதன்மையானவர் லாவ் டயஸ். லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருது பெற்ற 'முன்னிருந்ததிலிருந்து' (2014), இராணுவச் சட்டத்திற்கு முந்திய இரு வருடங்களில் ஒரு பின்தங்கிய கிராமம் எவ்வாறு அச்சத்தினுள் மெல்ல மெல்ல அமிழ்ந்தது என்பதை ஐந்தரை மணித்தியாலங்களில் விபரிக்கிறது. 2016 இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதும் அவருக்குக் கிடைத்தது. கிப் ஒபாண்டாவின் 'லிவாய்' (2018), இராணுவத் தடுப்பு முகாமில் தாயுடன் வளர்ந்த தனது சொந்தச் சிறுபராயத்தைப் பற்றியது.

தென் பகுதியின் மொரோ முஸ்லிம்களின் நினைவுகள் இன்னும் ஆழமாகப் புதைக்கப்பட்டிருந்தன. 1974 செப்டெம்பரில் மின்டனாவோ தீவின் மலிஸ்பொங் கிராமத்தில் ஆண்கள் பள்ளிவாசலில் அடைத்து வைக்கப்பட்டுக் கொன்று குவிக்கப்பட்டனர். தேசிய வரலாற்று நூல்களில் நீண்ட காலமாக இடம்பெறாத அச்சம்பவத்தை, உயிர் தப்பியோரின் வாக்குமூலங்கள் மூலம் குற்றியெரெஸ் மங்கன்சாக்கன் தனது 'தடை செய்யப்பட்ட நினைவு' (2016) என்ற ஆவணப்படத்தில் பதிவு செய்தார். அதற்கு முன்னர் மரிலு டயஸ் அபாயா இயக்கிய 'புதிய பிறை' (2001), யுத்தத்தினால் ஊர் ஊராக இடம்பெயரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தை மையப்படுத்தியது. மணிலாவின் சேரிகளைக் கண்டுகொண்ட சினிமா, மின்டனாவோவின் அகதிகளைக் காண இத்தனை காலம் எடுத்தது என்பதும் கவனத்திற்குரியது.

மறுபுறத்தில் மறதியின் படையும் பலமடைந்து வந்தது. 2016 நவம்பரில் மார்க்கோஸின் பூதவுடல் மாவீரர் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே மாதம் அவரது மகன் பேர்டினண்ட் மார்க்கோஸ் கனிஷ்டர் 3 கோடி 10 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று ஜனாதிபதியானார். மார்க்கோஸ் காலம் ஒரு பொற்காலம் என்ற கதை சமூக ஊடகங்களின் வாயிலாகப் பல வருடங்களாகப் பரப்பப்பட்டு வந்ததன் அறுவடை இது.

2022 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இப்போர் திரையரங்குகளுக்குள்ளும் வந்தது. அன்று வெளியான 'மலகனாங்கில் பணிப்பெண்' என்ற படம், 1986 இல் மார்க்கோஸ் குடும்பத்தினர் மாளிகையில் கழித்த கடைசி மூன்று நாட்களை அக்குடும்பத்தின் பார்வையில் சொல்லியது. மார்க்கோஸின் மூத்த புதல்வியும் செனட்டருமான இமீ மார்க்கோஸ் அதன் உருவாக்கத்தில் பங்குகொண்டார். அக்கினோ கன்னியாஸ்திரிகளுடன் மாஜொங் விளையாடுவது போன்ற காட்சியை, அவருக்கு அன்று அடைக்கலமளித்த செபு நகரக் கார்மேல் மடத்தினர் வன்மையாகக் கண்டித்தனர். தாம் அவ்வேளையில் செபத்திலும் உபவாசத்திலும் இருந்ததாக அவர்கள் அறிவித்தனர். அதே தினத்தில், இராணுவச் சட்ட கால மாணவர் போராட்டத்தைப் பற்றிய 'கதிப்ஸ்' என்ற இசைப் படமும் மீண்டும் திரையிடப்பட்டது. ஒரே காலத்தைப் பற்றிய இரு எதிரெதிரான நினைவுகள் ஒரே நாளில் நுழைவுச்சீட்டு விற்றன.

இங்கு மற்றொரு பழைய உண்மையையும் நினைவூட்டுவது பொருத்தமாகும். தணிக்கையால் சினிமாவை நசுக்கிய அதே ஆட்சி, சினிமாவின் புரவலராகவும் தன்னைக் காட்டிக்கொண்டது. 1982 இல் ஆரம்பிக்கப்பட்ட பரிசோதனை சினிமா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இதே இமீ மார்க்கோஸே. அவ்வருட ஜனவரியில் நடைபெறவிருந்த சர்வதேசத் திரைப்பட விழாவுக்காக இமெல்டா இரவு பகலாகக் கட்டுவித்த மணிலா திரைப்பட நிலையத்தின் சாரம் 1981 நவம்பர் 17 ஆம் திகதி சரிந்து வீழ்ந்தது. ஈரச் சீமெந்தினுள் தொழிலாளர்கள் புதையுண்டனர். இறந்தோரின் எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சைக்குரியதாகவே உள்ளது. விழா குறித்த காலத்தில் நடைபெற்றது. புரொக்கா 1975 இல் திரையில் காட்டிய கட்டடத் தொழிலாளியின் மரணம், சினிமாவுக்கென எழுப்பப்பட்ட மாளிகையிலேயே உண்மையாயிற்று.

ஆகவே, சினிமா இயல்பிலேயே உண்மையின் பக்கம் நிற்கும் கலை என்று எண்ணிவிடலாகாது. சேரியை மறைத்த வெள்ளைத் தடுப்பாகவும் அது அமையலாம், அத்தடுப்பில் இட்ட துவாரமாகவும் அமையலாம். ஒரு மனிதன் குற்றவாளியாக முன்னர் அவனிடமிருந்து பறிக்கப்பட்டவை எவை, பறித்தவர் எவர், அதனால் இலாபமடைந்தவர் எவர் என்ற கேள்விகளைக் கேட்கும் படமே துவாரமிடுகிறது. இக்கேள்விகள் மறக்கடிக்கப்படும் சமூகத்தில் ஏழை பிறவிக் குற்றவாளியாகத் தோன்றுவான். அவனைச் சுட்டுத் தள்ள உறுதியளிப்பவர் இரட்சகராகத் தோன்றுவார். மார்க்கோஸ் காலத்தை மறந்தவர்களுக்கு டுட்டெர்டேயின் துப்பாக்கி புதிய மருந்தாகத் தெரிந்தமைக்கு இதுவே காரணமாகும்.

2013 இல் இயற்றப்பட்ட இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், மார்க்கோஸ் ஆட்சியால் பாதிக்கப்பட்டோராக பிலிப்பைன்ஸ் அரசு உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டவர்களின் தொகை 11,103. 2022 இல் வெளிவந்த ஆவணப்படமொன்று அந்த எண்ணையே தனது தலைப்பாகக் கொண்டது. டுட்டெர்டே காலத்தில் கொல்லப்பட்டோருக்கு அவ்வாறான ஏற்றுக்கொள்ளப்பட்ட எண் ஒன்று இன்னும் இல்லை. ஹூலியோவைத் துரத்திய கூட்டத்திற்கு அவனது கதையைச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை. இன்று அதனைச் சொல்லும் படங்கள் இருக்கின்றன. அவை வெளிநாட்டு விருது மேடைகளைத் தாண்டி டொண்டோவின் ஒழுங்கைகளைச் சென்றடையுமா என்பதே பிலிப்பைன்ஸ் சினிமாவின் முன்னுள்ள உண்மையான சோதனையாகும்.